விலக்கு வாங்கிய மான்

எங்கள் தலைமையாசிரியர் ராசாங்கத்தின் வாயில் வாரத்துக்கு மூன்று மிருகங்களாவது சாகும். திங்கட்கிழமை ஒரு குரங்கு முதுகு ஒடிந்து சாகும். புதன்கிழமை ஒரு முயல், பசித்தவனுக்கு உணவாகத் தீயில் குதிக்கும். வெள்ளிக்கிழமை ஒரு யானை தன் தந்தத்தைத் தானே அறுத்து வேடன் கையில் கொடுத்துவிட்டு விழும். காலை வழிபாட்டில் இவற்றைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். மைதானத்தில் இருப்பது ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழும் என்பது அவருக்கு அத்துப்படி.

என் பெயர் செல்லக்கண்ணு. அதே பள்ளியில் இடைநிலை ஆசிரியர். லப்பைக்குடிக்காட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வருகிற நடுநிலைப் பள்ளி. ராசாங்கத்துக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அத்தனை வருடத்தில் அவர் ஒருவருக்கு ஒரு குடை கொடுத்து நான் பார்த்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மழை விட்டபிறகுதான் திறப்பார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்த வகை. தியாகம் என்றால் அது குரங்குடைய தியாகமாக இருக்க வேண்டும்.

இந்தக் கதைகள் அவருக்கு ஒரு பயிற்சி வகுப்பில் கிடைத்தன. திருச்சியில் பத்து நாள், தலைமைப் பண்பு பற்றி. புத்தர் முந்தைய பிறவிகளில் மிருகமாகப் பிறந்து, தன் கூட்டத்துக்காக உயிரைக் கொடுத்த கதைகளை அங்கே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அந்தக் கட்டைப் பரணில் போட்டார்கள். இவர் பிடித்துக்கொண்டார். விக்கிரமங்கலத்துக்குப் போய் அங்கே இருக்கிற புத்தர் சிலைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, அதைச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார். போட்டோவில் கண்ணை மூடியிருப்பவர் ராசாங்கம்தான். இரண்டே வருடத்தில் மாவட்டக் கருத்தாளர் ஆகிவிட்டார். எங்கே பயிற்சி நடந்தாலும் மைக்கைப் பிடித்து ஒரு மிருகத்தைச் சாகடித்துவிட்டு வருவார்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது மான் கதை. காசி நாட்டு ராஜாவுக்குத் தினமும் மான்கறி வேண்டும். காட்டையே கலைத்து வேட்டையாடுவதால் எல்லா மான்களும் அடிபடுகின்றன. அதனால் மான்கள் முறை வைத்துக்கொள்கின்றன. தினம் ஒரு மான் தானாகப் போய்க் கொலைக்கட்டையில் கழுத்தை வைத்துவிட வேண்டும். ஒருநாள் முறை, வயிற்றில் குட்டியோடு இருக்கும் ஒரு பெண்மானுக்கு வருகிறது. அதன் தலைவனிடம் போய்க் கேட்கிறது. முறை முறைதான் என்று அவன் சொல்லிவிடுகிறான். பக்கத்துக் கூட்டத்தின் தலைவன் பொன்மான். அவனிடம் போகிறது. அந்தப் பொன்மானைக் கொல்லக் கூடாது என்று ராஜாவே விலக்குக் கொடுத்திருக்கிறான். இருந்தும் அவன் போய்த் தன் கழுத்தைக் கட்டையில் வைக்கிறான். ராஜா மனம் மாறி எல்லா மான்களையும் விட்டுவிடுகிறான்.

இந்த இடத்தில் ராசாங்கம் கைக்குட்டை எடுப்பார். ஒருதரம் ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொல்லி முடித்ததும் சுல்தானா டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்.

"மத்த மானெல்லாம் என்ன சார் பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

"அதெல்லாம் கதைக்கு வேண்டியதில்லம்மா" என்றார் ராசாங்கம்.

சுல்தானா டீச்சர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். கணவர் நசீர் சவூதியில், தம்மாமில் ஒரு கடையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. இரண்டு முறை தங்கி, மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. மூன்றாவதாக 2006-இல் தங்கியபோது ஐந்து மாதம் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மட்டும் சொன்னார். எங்கள் வகுப்புகள் அடுத்தடுத்து. நடுவில் பாதிச் சுவர்தான். தலைமையாசிரியரைப் பற்றி நான் அடிக்கிற நக்கலுக்கெல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பவர் அவர் ஒருவர்தான்.

"பஸ்ஸுல ரொம்பத் தூரம் போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க சார். இந்தத் தடவையும் போயிருச்சுன்னா இனிமே தங்காதாம்" என்றார்.

அந்த வருடம் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வாத்தியார்களுக்குத் தேர்தல் என்றால் மூன்று பயிற்சி வகுப்பு, ஒரு ராத்திரி கொசுக்கடி, நான்கு கலரில் வாக்குச்சீட்டு, ஒன்றுக்குப் போக இடமில்லாத ஒரு பள்ளிக்கூடம். இதற்கெல்லாம் முதலில் தலைமையாசிரியர் ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும். பெயர், பதவி, சம்பளம், சொந்த ஒன்றியம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். நோயாளி, கர்ப்பிணி, கால் ஊனம் என்று எதுவாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் எழுதினால்தான் உண்டு. எழுதாத வியாதி வியாதியே இல்லை என்பது எங்கள் துறையின் வைத்திய சாஸ்திரம்.

சுல்தானா டீச்சர் டாக்டர் சான்றிதழோடு ராசாங்கத்திடம் போனார். "பாக்கலாம்மா, வச்சிட்டுப் போங்க" என்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டுப் பட்டியலைச் சுத்தப் பிரதி எடுக்கச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுதிக்கொண்டே வந்தேன். சுல்தானா டீச்சருக்கு நேரே குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. ராசாங்கத்துக்கு நேரே, 'மாவட்டக் கருத்தாளர், பயிற்சிப் பணியில் உள்ளார், விலக்கு கோரப்படுகிறது' என்று இரண்டு வரி.

"டீச்சருக்குக் குறிப்பு விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"விட்டுப்போகல. இந்தத் தடவை எனக்கு நல்லாசிரியர் விருதுக்கு எழுதியிருக்காங்க. விலக்கே கேக்காத பள்ளிக்கூடம்னு ஒரு பேரு இருந்தா நல்லதுன்னு மேல சொல்றாங்க. அந்தம்மாவ பெரம்பலூர்ல போயிக் கேட்டுக்கச் சொல்லுங்க. கர்ப்பிணின்னா யாரு அனுப்பப் போறா?"

விலக்கே கேட்காத பள்ளிக்கூடத்துக்குத் தனக்கு மட்டும் விலக்குக் கேட்கிற தலைமையாசிரியர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி ஒரு சரக்கு எனக்குக் கிடைத்ததே இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கே அவருக்கு 'மான் சார்' என்று பட்டப்பெயரும் வைத்தேன்.

உத்தரவு வந்தது. சுல்தானா டீச்சருக்கு ஆண்டிமடம் ஒன்றியம். அப்போது அரியலூர் எல்லாம் பெரம்பலூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். எனக்கும் ஆண்டிமடம்தான், ஆனால் ரிசர்வ். ரிசர்வ் என்றால் எங்கள் ஆட்களுக்கு லாட்டரி. யாராவது வராமல் போனால் மட்டும் அனுப்புவார்கள். இல்லையென்றால் சாயங்காலம் வீடு திரும்பலாம். டீச்சர் சான்றிதழை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போனார். அங்கே இருந்த கிளார்க், பட்டியலில் குறிப்பு இல்லையே, கடைசி நாளில் சோனல் ஆபீசரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "ரிசர்வுல யாராவது உங்களுக்குப் பதிலா கையெழுத்துப் போட்டா மாத்திக் கொடுத்துருவாங்க" என்று வழியும் சொல்லியிருக்கிறார். அது உண்மை. சட்டத்தில் இல்லையே தவிர, எல்லாத் தேர்தலிலும் நடக்கிற வழக்கம்தான்.

"வீட்டுல மாமி ஒத்துக்க மாட்டேங்குறாங்க, வேலைய விட்டுருன்னு சொல்றாங்க. அங்க ஹெச்.எம். வராராமே சார், பேசுறதுக்கு?" என்று ஆண்டிமடம் கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டார்.

"வராரு வராரு. மானையும் கூட்டிக்கிட்டு வருவாரு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் ஆண்டிமடத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நோன்பு மாதம். டீச்சர் நோன்பு வைக்கவில்லை. டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்தார். அப்படியும் பகலில் எல்லோர் முன்னாலும் தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு வாய் குடித்தார். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததிலேயே முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு சின்னத் தலையணை. ராத்திரி வெறும் தரையில் படுக்க வேண்டியிருந்தால் இடுப்புக்கு வைத்துக்கொள்ள என்று மாமி கொடுத்தனுப்பியது.

பதினொரு மணிக்கு ராசாங்கம் மைக்கைப் பிடித்தார். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் என்பவர் யார் என்று தொடங்கினார். நேரே மானுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு நல்ல ஓட்டம். பெண்மான் வந்து கேட்கிற இடத்தில் பந்தலில் ஒரு சத்தமில்லை. பொன்மான் கட்டையில் கழுத்தை வைத்தபோது முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராசாங்கத்தின் கைக்குட்டையும் வெளியே வந்தது. நான் சுல்தானா டீச்சரைப் பார்த்தேன். ஏழு மாத வயிற்றின் மேல் தலையணையை வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேச்சு முடிந்ததும் டீச்சர் எழுந்து சோனல் ஆபீசரிடம் போனார். தாலுகா ஆபீஸ்காரர், வேலைத் தொந்தரவில் எரிந்து விழுந்துகொண்டிருந்தவர்; ஆனாலும் டீச்சரைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். சான்றிதழைப் படித்தார்.

"இத மொதல்லயே ஹெச்.எம். எழுதி அனுப்பியிருக்கணும்மா. இப்ப என்னால வெறுங்கையா விட முடியாது. உங்களுக்குப் பதிலா யாராவது போறேன்னு ஒரு கையெழுத்துப் போடட்டும், உடனே அனுப்பிச்சிடுறேன். எந்த கிரேடா இருந்தாலும் சரி" என்றார். பிறகு ராசாங்கத்தைப் பார்த்து, "சார், உங்க ஸ்டாஃப் தானே? நீங்க போறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

மைக் இன்னும் அணைக்கவில்லை. கேள்வி பந்தல் முழுக்கக் கேட்டது. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். பதினோரு வருடமாகக் காத்திருந்த காட்சி. குரங்கு, முயல், யானை எல்லாம் சேர்ந்து வந்து இவர் முன்னால் நிற்கின்றன. என்ன சொல்லப் போகிறார்?

ராசாங்கம் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்கு மத்தியானம் ஜெயங்கொண்டத்துல வகுப்பு இருக்குங்க. கலெக்டர் ஆபீஸ் உத்தரவு. நாம மீற முடியாது" என்றார். அதோடு விட்டிருந்தால்கூட மனிதன் என்று விட்டிருப்பேன். மைக்கை மறுபடி வாய்க்கு அருகே கொண்டுவந்து, "ரிசர்வில் உள்ள நண்பர்களே, பொன்மானைப் போல உங்களில் ஒருவர் முன்வரலாம்" என்றார்.

பந்தலின் இடது பக்கம் ரிசர்வ் ஆட்கள் பதிமூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் செல்போனை எடுத்து யாரும் கூப்பிடாமலே பேசிக்கொண்டு வெளியே போனார். ஒருவர் தனக்குச் சர்க்கரை என்றார், யாரும் கேட்காதபோதே. நான் எதுவும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ராசாங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை சொன்னவர் போகட்டும், இப்போது நான் எழுந்தால் அவர் தப்பித்துவிடுவார், அவருடைய அழைப்பைக் கேட்டு நான் எழுந்ததாக அடுத்த பயிற்சியில் அதையும் ஒரு கதையாக்கிவிடுவார் என்று எனக்குள் ஓடியது. இது நியாயமாகவும் பட்டது. எனக்குச் சர்க்கரை இல்லை, இடுப்பு வலி இல்லை, வீட்டில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை.

சோனல் ஆபீசர் ஐந்து நிமிடம் பார்த்தார். டீச்சரும் ஒருதரம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே சாவடிகளுக்கு ஆளேற்றும் பஸ்காரன் விசிலடித்தான். "நான் போயிக்கிறேங்க சார்" என்று டீச்சர் சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸின் படி உயரம்; கூட வந்த போலீஸ்காரர் ஒருவர் கையைக் கொடுத்து ஏற்றினார். முந்திரிக்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு ஊர்.

நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். டீக்கடையில் அன்றைக்கு என் கச்சேரி. ராசாங்கம் கைக்குட்டையை எப்படி மடித்தார், மைக்கை எப்படி வாய்க்குக் கொண்டுபோனார், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மளிகைக் கடை ஜபருல்லா பாய் மட்டும் சிரிக்காமல், "அந்தப் புள்ள போயிருச்சா?" என்று கேட்டார். "போயிருச்சு பாய்" என்று சொல்லிவிட்டு நான் மேலே தொடர்ந்தேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சாயங்காலம் வரைக்கும் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு கலர் சீட்டுகளை மடித்துக் கொடுத்திருக்கிறார். கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்கவில்லை. மழை பெய்து பாதை சேறாகி பஸ் உள்ளே வர முடியாமல், பெட்டிகளோடு டிராக்டரில் ஏற்றியிருக்கிறார்கள். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸில் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இருக்குமா இருக்காதா என்று பத்து நாள் டாக்டர்கள் எதுவும் சொல்லவில்லை.

ராசாங்கம் மூன்றாம் நாளே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் வழிபாட்டில், கடமைக்காகத் தன் உடலையே பணயம் வைத்த நம் பள்ளி ஆசிரியை என்று ஐந்து நிமிடம் பேசினார். மிருகங்கள் தீர்ந்துபோய் மனுஷிக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து கடைசியில் மனிதனைக் கடித்த கதைதான். அடுத்த செப்டம்பரில் அவருக்கு விருதும் வந்தது, அது வேறு.

நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் நாள் நான் திருச்சிக்குப் போனேன். சும்மா போகவில்லை. ராசாங்கத்தின் மேல் ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். ஆறு பக்கம். இழுப்பறையில் போட்ட சான்றிதழ், காலியாக விட்ட குறிப்புக் கட்டம், தனக்கு மட்டும் கேட்ட விலக்கு, பந்தலில் நடந்தது, எல்லாவற்றையும் தேதி போட்டு என் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். டீச்சரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதைப் போட்டால் விருதும் போய்விடும், ஆளும் ஒழிந்துவிடுவார்.

டீச்சர் ஒரு சின்ன அறையில் இருந்தார். மாமி பக்கத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். குழந்தை கீழே வேறு தளத்தில். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். மர்ஜியா என்று பெயர் வைத்திருக்கிறோம், நேற்று முதல்தடவையாக நாற்பது கிராம் கூடியிருக்கிறாள் என்று சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. நான் மனுவை நீட்டினேன். உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் படித்தார். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். "இதுல உங்க பேரே வரலியே?"

"சாட்சின்னு போட்டிருக்கேனே டீச்சர், கடைசியில."

"பட்டியலு நீங்கதானே சார் எழுதினீங்க? கட்டம் காலியா இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நானே பெரம்பலூர் போயிருப்பேன். உத்தரவு வராம பாத்திருப்பேன்."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஹெச்.எம். போவாருன்னு நான் ஒரு நிமிஷம்கூட நெனக்கல சார். அவரு என்னன்னு எனக்குத் தெரியாதா? நீங்கதான் தினம் சொல்லிக்கிட்டு இருப்பீங்களே. அதனால அன்னைக்கு அவரு மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. உங்களத்தான் பாத்தேன். எந்திரிப்பீங்கன்னு இருந்துச்சு." மனுவின் பக்கங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தினார். "நீங்க அவரப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

மனுவை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார். கோபம் இல்லை. கோபப்படுவதற்கு நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்பதைப் போல இருந்தது அந்தப் பார்வை. பால் கொடுக்க நேரமாகிவிட்டது என்று மாமி எழுந்தார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கை கொடுக்கப் போனேன்.

"வேணாம் சார். பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்டுக்குப் போனார்.